உள்ளங்கையில் இறங்கிய டிக்கெட்

பெர்னத்தின் வலது உள்ளங்கையில் டிக்கெட் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்று காலையில்தான் அவளுடைய செல்போன் துறைமுகத் தண்ணீரில் விழுந்திருந்தது. படகிலிருந்து கூடையை வாங்கக் குனிந்தபோது இடுப்புச் செருகலிலிருந்து நழுவிய போன், தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை மேலே, ஏதோ செய்தி வந்துவிட்டதென்று ஒருமுறை சிணுங்கிவிட்டுத்தான் மூழ்கியது.

அந்தச் செய்தி என்னவென்று அவளுக்குத் தெரியும். தங்கை அமலோற்பவம், வீட்டில் அமலி, அனுப்பிய டிக்கெட். அமலி வங்கக்கரை மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அடுத்த வாரம் சனிக்கிழமை பட்டணத்துப் பெரிய ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். அது முடிந்த நாலாம் நாள் அவளுடைய இடது முழங்காலைக் கிழித்துத் தைக்கப்போகிறார்கள். மறுபடி ஆட முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார் என்று அமலி போனில் சொல்லியிருந்தாள்.

பெர்னத் தங்கையின் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பந்தாட விடாத அப்பா சூசை உயிரோடிருந்தவரை அமலி பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொன்னவள் பெர்னத், சேறு பிடித்த சட்டையை அடுத்த தெருக் குழாயில் துவைத்து ஈரத்தோடு இஸ்திரி போட்டவள் பெர்னத், கிழிந்த உதட்டுக்குப் படியில் விழுந்த கதை கட்டியவளும் பெர்னத்தான். ஆனால் ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் காசிமேட்டில் மீன் வெட்டும் நேரமாகவே இருந்தது, அப்பா போன பிறகு ஆட்டங்கள் கோவாவுக்கும் கொல்கத்தாவுக்கும் போய்விட்டன. பதினைந்து வருஷமாக அவள் பார்க்காத ஆட்டங்கள் இப்போது ஒன்றே ஒன்றாகச் சுருங்கி நின்றன.

தூண்டில் வளைவுத் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த சித்திக்கிடம் அவள் ஈரப் புடவையோடு போனாள். முந்தின புதன்கிழமை பொது டிக்கெட் விற்பனை திறந்தபோது, பதினோரு மணி அடிக்குமுன் பத்து போன்களை வரிசையாக வைத்துத் தட்டியவன் அவன்தான். அந்தப் பத்திலும் 'உங்களுக்கு முன்னால் நாற்பத்தெட்டாயிரம் பேர்' என்று வந்தது, ஆறு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்தது. ஆட்டக்காரிக்கு ஒன்று என்று கிளப் கொடுத்த குடும்ப டிக்கெட்தான் மிச்சமிருந்த ஒரே வழி. அதைத்தான் கடல் குடித்துவிட்டது. சித்திக் கிளப்புக்குப் போன் போட்டான். ஒருமுறை அனுப்பியதைத் திரும்ப அனுப்ப வழியில்லை, அதே நம்பரில்தான் திறக்க வேண்டும் என்றார்கள். அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கலாமென்றால் அந்த சிம் இன்னும் சூசையின் பேரில் இருந்தது. சூசை நேரில் வந்து கட்டைவிரல் வைக்க வேண்டும் என்றார்கள். சூசை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒன்பது வருஷம்.

"அவ அனுப்பிட்டா. வந்தும் சேந்துடுச்சு, சத்தம் கேட்டேன்," என்றாள் பெர்னத். "எனக்குன்னு வந்தது எங்கியோ கீதுதானே. தேடிக் குடு சித்திக். நான் பாக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக் குழாயடியில் கை கழுவும்போது உள்ளங்கையில் செதில் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தது. சோப்புப் போட்டாள், எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள், தேங்காய் நாரால் தேய்த்தாள். போகவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் பொடிக் கட்டங்கள், மூன்று மூலையில் மூன்று பெரிய கட்டங்கள். எறும்பு ஊர்வதுபோல ஒரு அரிப்பு எழுந்தது, கட்டங்கள் கலைந்து வேறு மாதிரி அடுக்கிக்கொண்டன. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அரித்தது, மறுபடி கலைந்து அடுக்கிக்கொண்டன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு சித்திக்கின் கடைக்கு நடந்தாள். அவன் தன் போனை அவள் கைக்கு மேலே பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் பார்த்தான்.

"கேட் மூணு, சி பிளாக், கே வரிசை, பதினேழாம் சீட்டு. உன் பேர்தான்க்கா போட்டிருக்கு," என்றான். "நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுறதால போட்டோ எடுத்தா செல்லாது. கையோடதான் போவணும்."

"கையில்லாம எங்க போவப்போறேன்," என்றாள் பெர்னத்.

மறுநாளே தெரு அதற்குப் பழகிவிட்டது. மீன் வெட்டும் பெண்கள் வந்து பார்த்தார்கள், இறால் உரிக்கும் பெண்கள் வந்து பார்த்தார்கள், ஐஸ் உடைப்பவர்கள் உடைத்த கட்டியைத் தோளில் வைத்தபடியே பார்த்துவிட்டுப் போனார்கள். கார்ப்பரேஷன் நர்ஸ் அது தோல் படையாக இருக்கலாமென்று ஒரு களிம்பு கொடுத்தாள், களிம்பு பூசியதும் கட்டங்கள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. ரேஷன் கடை மெஷினில் அவள் விரலை வைத்தபோது அரிசி அளவுக்குப் பதிலாக 'ஆட்டம் தொடங்கும் நேரம் மாலை ஐந்து' என்று சீட்டு வந்தது, கடைக்காரர் அதைக் கிழித்துக் கொடுத்து, பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடும்மா என்று சொல்லி அரிசியைப் போட்டு அனுப்பினார். பங்குச் சாமியார் வரவழைத்துப் பார்த்தார். இதை ஆயருக்கு எழுத வேண்டுமா என்று கோயில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை கேட்டதற்கு, சீட்டு நம்பரெல்லாம் போட்டு ஆண்டவர் எதுவும் அனுப்புவதில்லை, இது அமலி அனுப்பியது, ஆயருக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார். ஸ்டேடியம் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றுப் பிழைத்து, எல்லாம் போனுக்குள் போனதிலிருந்து தொழிலிழந்து நின்ற ஆரோன் என்பவன் மட்டும் புதுப் போன் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்து, டிக்கெட்டை யார் கைக்காவது மாற்றிவிட முடியுமா என்று கேட்டான். பெர்னத் பெட்டியைத் திறக்காமலே அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

மாற்றிவிட முடியும் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம், பக்கத்தில் நின்ற லில்லியக்கா வழக்கம்போல பெர்னத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெர்னத்துக்கு அரிப்பு சட்டென்று நின்றது. லில்லியக்கா தன் கையை விரித்துப் பார்த்தாள். கட்டங்கள் அங்கே அடுக்கிக்கொண்டிருந்தன.

லில்லியக்கா சும்மா ஒரு ஆள் இல்லை. கடற்கரை மணலில் முதன்முதல் கோல்கம்பம் நட்டபோது பழைய வலையை அளவெடுத்து வெட்டிப் பின்னிக் கட்டியவள், அமலி அந்த வலைக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு சாயங்காலமும் கூடவே இருந்து பார்த்தவள். ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோயிலே திரும்பிப் பார்த்தது, சாமியார் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அவள் கையை நீட்டினாள். "பிடிச்சிக்கோ. நான்தான் நெறைய பாத்துட்டேனே," என்றாள். பெர்னத் பிடித்ததும் கட்டங்கள் திரும்பி வந்தன.

பூசை முடிந்ததும் சித்திக்கைக் கூப்பிட்டு விதிகளைப் படிக்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில் இருந்ததை அவன் மூன்று தடவை படித்தான். ஒரு டிக்கெட் நான்கு கை மாறலாம், அதற்குமேல் மாறாது. அமலியிடமிருந்து பெர்னத்துக்கு ஒன்று, லில்லியக்காவுக்கு இரண்டு, திரும்பியது மூன்று. மிச்சம் ஒன்றே ஒன்று. இனி பெர்னத் தன் வலது உள்ளங்கையை எவருடைய உள்ளங்கையில் வைத்தாலும் அவர்களோடு போய்விடும், திரும்ப வராது.

அந்த ஆறு நாள் தெருவே அவள் வலது கையைக் காவல் காத்தது. லில்லியக்கா வெள்ளைத் துணியைக் கிழித்து உறை தைத்தாள். மூடினால் கட்டங்கள் மங்கின, அதனால் உறையைக் கழற்றிவிட்டு அவளே கூட நடந்தாள். மார்க்கெட்டில் அவளுடைய பங்கு மீனை ஆளுக்கொரு கூடையாக எடுத்து மற்றவர்கள் வெட்டினார்கள், ஏலம் கூறுபவர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை நிறுத்தி எல்லாருக்கும் வாயால் கூறினார், பஸ் கண்டக்டர் இடது கையில் சீட்டு வைத்தார், புதன்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை அவளுக்குத் தரையில் வைத்து நகர்த்தினார்கள், அதைப் பார்த்துவிட்டு எல்லாருக்குமே நகர்த்தினார்கள். யார் கையிலிருந்து யாருக்கு என்ன போய்விடுமோ என்று யோசித்து, பெர்னத் பக்கத்தில் இல்லாத இடத்திலும் ஆட்கள் கைகொடுக்காமல் கும்பிட்டுக்கொண்டார்கள். பெர்னத் இடது கையால் சோறு உண்ணப் பழகினாள், இடது கையால் தலை வாரினாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னாள். நான் பாக்கணும்.

சனிக்கிழமை பதினான்கு பேர் ஒரு வேனில் அவளோடு கிளம்பினார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் வாசலில் நின்று சித்திக்கின் போனில் பார்ப்பதென்று ஏற்பாடு. நாலே காலுக்கு மூன்றாம் கேட்டுக்கு முன்னால் இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே வரிசை நெளிந்து நெளிந்து நகர்ந்தது. லில்லியக்கா அவளுடைய வலப்பக்கம் ஒட்டி நடந்தாள். கையைத் தூக்கி நெஞ்சுக்கு நேராக, விளக்கு எடுத்துப் போகிறவளைப்போல, பெர்னத் வைத்திருந்தாள்.

தடுப்பின் ஓரத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கோடு போட்ட நீளத் துணியை இடுப்பில் சுற்றி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள், கையில் இருட்டடித்துப்போன செல்போன். அவளைத் தாண்டும்போது பெர்னத்துக்குக் கருவாட்டு வாசனை வந்தது. தன் மேல் வருவதுதானோ என்று முகர்ந்து பார்த்தாள், இல்லை, வேறு ஊர்க் கருவாடு.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு நெருக்கல் வந்தது. உள்ளே அணிகள் இறங்கிவிட்டன என்று யாரோ கத்தியிருந்தார்கள். வரிசை ஒரு அலைபோல எழுந்து சாய்ந்தது, லில்லியக்கா ஒரு பக்கம் போனாள், தடுப்பு ஒன்று கிறீச்சிட்டு நகர்ந்தது, எழுந்திருக்கப் பார்த்த அந்த அம்மாள் கால் இடறிக் கீழே போனாள். அவள் தலைக்கு மேல் கால்கள் வரத் தொடங்கின. பெர்னத்தின் இடது கை தடுப்பைப் பிடித்திருந்தது. வலது கை போயிற்று. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர, அந்த அம்மாளை ஒரே இழுப்பில் தூக்கித் தன் மார்போடு அணைத்து, முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

நெருக்கல் ஓய்ந்ததும் கையைப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. அரிப்பு நின்றிருந்தது. லில்லியக்கா வந்து சேர்ந்து, வெறும் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் தன் உள்ளங்கையில் ஊரும் கட்டங்களைப் பார்த்துவிட்டு, பயப்படாமல், இது உன்னுடையதுதானே என்பதுபோலக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பெர்னத் தொட்டுப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி அழுத்திப் பிடித்தாள். வரவில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; வந்தது கோபம், அதுவும் அந்த அம்மாள்மேல் இல்லை, நாலுதான் என்று விதி எழுதியவன்மேல்.

"வேற வழி பாரு சித்திக்," என்றாள். "இன்னும் அரை மணி நேரம் கீது."

சித்திக் அந்த அம்மாளிடம் இந்தியில் பேசினான். அவள் பாதி இந்தியிலும் பாதி தன் பாஷையிலும் சொன்னாள். பேர் மேம்சா. மணிப்பூர், இம்பால். பெண்களே கடை வைத்திருக்கும் அங்கத்திய பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். எதிரணியின் முன்வரிசையில் ஆடும் லின்தோய் அவள் மகள். நாலு நாள் ரயிலில் வந்திருக்கிறாள், வழியில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, டிக்கெட் உள்ளே மாட்டிக்கொண்டது, ஆட்டோக்காரர் எந்தக் கேட் என்று தெரியாமல் இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரமாக அந்த இருட்டுப் போனை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெர்னத்தும் சித்திக்கும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் பையிலிருந்து பவர் பேங்க்கை எடுத்துச் செருகினான். பதினான்கு பேரும் குனிந்து அந்த இருட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிவப்புக் கோடு. பிறகு வெளிச்சம். மேம்சா விரலால் ஒரு கோலம் இழுத்துத் திறந்தாள். கேட் ஒன்பது, விருந்தாளி அணி பிளாக், பதினோராம் வரிசை, நாலாம் சீட்டு.

மேம்சாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் கேட்டைக் காட்டினாள், தன் உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு போனை எடுத்து பெர்னத்தின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கினாள். பூட்டிக்கொண்டால் திறப்பதற்கு, அந்தக் கோலத்தைப் பெர்னத்தின் முன்கையில் நகத்தால் இரண்டு தடவை இழுத்துக் காட்டினாள். சித்திக் திரை அணையாமலிருக்க ஏதோ செய்துகொடுத்தான்.

"ஒன்பதாம் கேட் அந்தாண்ட கோடிக்கா. ஸ்டேடியத்தைப் பாதி சுத்தணும்."

பெர்னத் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நாற்பத்தொரு வயதில், ரப்பர் செருப்போடு, துள்ளுகிற மீனைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, ஐஸ்கிரீம் வண்டிகளுக்கும் போலீஸ் குதிரைகளுக்கும் கொடி விற்கிறவர்களுக்கும் நடுவே அவள் ஓடினாள், நாலாம் கேட், ஐந்தாம் கேட், செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று, ஏழாம் கேட்டில் மற்றதையும் உதறினாள். ஒன்பதாம் கேட்டில் மெஷின் ஒருமுறை சிவப்புக் காட்டியது. அதற்குள் நிமிஷம் மாறி, கட்டங்கள் மாறி, பச்சை விழுந்தது. படியேறி அவள் வெளிச்சத்துக்கு வந்தபோது நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

எதிரணி ஆட்களுக்கு நடுவே, பதினோராம் வரிசையில், வெறுங்காலோடு உட்கார்ந்து அவள் தன் தங்கையைப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. வீட்டில் குரல் எழுப்பாத அமலி அங்கே கத்திக்கொண்டிருந்தாள். தடுப்பாட்டக்காரிகளைப் பேர் சொல்லி இழுத்தாள், தள்ளினாள், கெட்ட வார்த்தையில் திட்டினாள், அவர்கள் அம்மாவுக்கு அடங்கும் பிள்ளைகள் மாதிரி அடங்கி நடந்தார்கள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதெல்லாம் இடது காலை மெல்லத் தூக்கி மெல்ல வைத்தாள். ஒரு சட்டை எப்படிச் சேறாகிறது என்பதை பெர்னத் அன்றைக்குத்தான் பார்த்தாள். எத்தனை சட்டையைத் துவைத்தும் தெரிந்துகொள்ளாததை ஒரே பாய்ச்சலில் தெரிந்துகொண்டாள்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு அமலி இந்தப் பக்கத்துக் கோலுக்கு வந்தாள். ஒன்றுக்கு ஒன்று. எண்பத்திரண்டாம் நிமிஷம் வங்கக்கரைக்கு எதிராகப் பெனால்டி. அடிக்க வந்தது லின்தோய். சட்டையின் முதுகில் இருந்த பேரைப் பக்கத்திலிருந்தவர்கள் கத்தியதிலிருந்து பெர்னத் தெரிந்துகொண்டாள். தூரத்தில், எதிர்க்கோடியில், சி பிளாக்கில் எல்லாரும் தலையில் கைவைத்து நிற்கும்போது ஒரு வெள்ளைத் துணி மட்டும் நிமிர்ந்து நின்றது.

லின்தோய் அடித்தாள். அமலி இடது பக்கம், அந்த முழங்காலின் மேலேயே பாய்ந்து, பந்தைக் கையால் தட்டினாள். தட்டிய பந்து தெறித்துத் திரும்ப லின்தோயின் காலுக்கே வந்தது. அவள் வெறுமனே உள்ளே தள்ளிவிட்டாள்.

பெர்னத்தைச் சுற்றி எல்லாரும் துள்ளினார்கள். யாரோ ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிவிட்டு, முகத்தைப் பார்த்ததும் மெதுவாக விட்டாள். கோலில் நின்றவளைக் காட்டி பெர்னத் தன் நெஞ்சைத் தொட்டாள், விஷயம் வரிசையில் காதுக்குக் காது போயிற்று. அவளைச் சுற்றி ஏழெட்டுச் சீட்டுகள், அவளுக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டன. ஆட்டம் முடியும்வரை அமலி இன்னும் மூன்று பந்துகளைப் பிடித்தாள். கடைசியாகப் பிடித்தபோது எழுந்திருக்க நேரமானது.

விசில் ஊதியதும் வங்கக்கரைப் பெண்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அமலி மட்டும் கையுறைகளைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, நொண்டி நொண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் போனாள். சி பிளாக்குக்கு நேரே நின்று, கண்ணுக்கு மேல் கைவைத்து வரிசை வரிசையாகத் தேடினாள். கே வரிசையில் தன் அக்கா உட்கார வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு அம்மாள் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். அவளுடைய தோள் இறங்கியது.

பெர்னத் சீட்டின்மேல் ஏறினாள். காற்றுக்கும் மோட்டார் சத்தத்துக்கும் மேலே கேட்கக் கரையிலிருந்து படகைக் கூப்பிடும் குரலில், அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"அமலோ!"

பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைத் தாண்டி, பட்டாசுச் சத்தத்தைத் தாண்டி அது ஸ்டேடியத்தின் மறுகோடிக்குப் போயிற்று. அமலி திரும்பினாள். மைதானத்தின் முழு நீளத்தையும், வந்த வழியே, ஒவ்வொரு அடியாக நடந்து திரும்பி வந்தாள். பாதி வழியில் தோள் கொடுக்க ஓடிவந்த ஒரு எதிரணிப் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். பெர்னத் படிகளில் இறங்கிக் கம்பி வேலியருகே போய் நின்றாள்.

முகமெல்லாம் புல்லும் மண்ணுமாக அமலி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"உன் சீட்ல நீ இல்லையேக்கா," என்றாள். "எப்போ வந்தே?"

"விசில் ஊதறதுக்கு முன்னாடியே," என்றாள் பெர்னத். "ஒண்ணு விடாம பாத்தேன்."

அமலி வேலியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அழுகையை அங்கே வைத்து, அக்கா பார்க்க, அழுது தீர்த்தாள்.